ஊரைப் பார்க்கச் சிங்கப்பூர் போனோம்

போன மார்ச் மாதம் அம்மாவும் நானும் சிங்கப்பூர் போய் மூன்று இரவு தங்கிவிட்டு வந்தோம். அப்பா அங்கே கட்டுமான வேலையில் இருக்கிறார். வேலைக்குப் போன அப்பாவையோ அண்ணனையோ பார்க்கப் போகிற குடும்பங்களுக்கு உதவும்படி ஒரு கட்டுரைகூடத் தேடியும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் சிங்க முகச் சிலையும் கப்பல் மாதிரி இருக்கும் ஹோட்டலும்தான். அதனால் நேரம், செலவு, தூரம் எல்லாவற்றையும் குறித்துவைத்து எழுதுகிறேன். எனக்குப் பேச வராது, எழுத வரும். இந்தப் பயணம் வந்ததே நான் எழுதிய ஒன்றால்தான்.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஊர்க் குளக்கரையில் பாதியைக் கோயில் விழாக் குழு வேலி போட்டு அடைத்தது. துணி துவைக்கப் போகும் வழி அடைபட்டது. அம்மா போனில் அழுதாள். அப்பா, "கலெக்டருக்கு ஒரு மனு எழுது, நான் சொல்லச் சொல்ல எழுது" என்றார். அவர் சொன்னதை எல்லாம் எழுதினேன். கடைசியில் அவர் சொல்லாத ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். நான் பார்த்த எல்லா மனுவும், சுவரொட்டியும் அப்படித்தான் முடியும் என்பதால், "இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்" என்று போட்டேன்.

வருவாய்த் துறை அதிகாரி வந்து கோயில் வாசலில் நின்று, "ஊர்ப் பொதுமக்கள் மனு குடுத்திருக்கீங்களே" என்று அதை வாசித்தார். நாங்கள் யாரும் கொடுக்கவில்லையே என்றது ஊர். அன்று சாயங்காலமே கூட்டம் போட்டார்கள். வேலியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. "எங்க பேரை யாரைக் கேட்டுப் போட்ட?" என்பதுதான் கேள்வி. அப்பாவை ஸ்பீக்கர் போனில் கேட்டார்கள். அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல், "நான்தான் போடச் சொன்னேன்" என்றார்.

எங்களை ஒதுக்கி வைத்தார்கள். எங்களோடு பேசக் கூடாது, எங்கள் வீட்டுப் பண்டத்தை வாங்கக் கூடாது, மீறினால் அவர்களுக்கும் அதே கதி. பள்ளிக்கூட வேன் எங்கள் தெருமுனையில் நிற்பதை விட்டது. ஆறு கிலோமீட்டர் சைக்கிளில் போனேன். வகுப்பில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என் பெஞ்சிலிருந்து எழுந்து போனார்கள். இரண்டு மாதத்தில் நின்றுவிட்டேன்.

சிங்கப்பூரில் எங்கள் ஊர் ஆட்கள் அப்பாவோடு சேர்த்துப் பத்தொன்பது பேர். தடை அங்கேயும் போய்ச் சேர்ந்தது. அவர்கள் விடுதியில் ஊர் ஊராகச் செட்டுச் சேர்ந்து சமைப்பார்கள். அப்பாவைச் செட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு வருடமாக அம்மா ஊரில் கெஞ்சிப் பார்த்தாள். "சிங்கப்பூர் ஆளுங்க சேத்துக்கிட்டா நாங்களும் சேத்துக்கறோம்" என்றார்கள். அப்பா அங்கே கேட்டார். "ஊர்ல சேத்துக்கிட்டா நாங்களும் சேத்துக்கறோம்" என்றார்கள். அதனால்தான் நேரில் போனோம். அதை எழுதியது அப்பா இல்லை, நான்தான் என்று அந்தப் பதினெட்டுப் பேரிடமும் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தேன். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். ஒரு மாதம் கிணற்றடியில் நின்று சொல்லிப் பழகினேன்.

இனி பயணம். விசாவுக்கு ஏஜெண்ட் ஆளுக்கு 3,200 ரூபாய் வாங்கினார், நான்கு நாளில் வந்தது. வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் காசு கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். சனிக்கிழமை காலை 10.40க்குத் திருச்சியில் விமானம், சிங்கப்பூர் நேரப்படி மாலை 5.25க்கு இறங்கியது. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

பெட்டியில் பாதி இடம் அதிரசம். ஆளுக்கு நான்கு என்று பத்தொன்பது பேருக்கும் கணக்குப் போட்டு, உடைந்தால் இருக்கட்டும் என்று எண்பது சுட்டாள் அம்மா. சமாதானம் ஆனதும் தன் கையால் கொடுக்க வேண்டும் என்று ஆசை. சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லவே இல்லை.

சாங்கி விமான நிலையத்திலிருந்து டாக்சி பிடிக்காதீர்கள். ரயிலில் எக்ஸ்போ நிலையத்தில் இறங்கி நீலப் பாதைக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா. ஐம்பது நிமிடம், ஆளுக்கு இரண்டு வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். டாலரை அங்கே வெள்ளி என்கிறார்கள். தேக்கா மார்க்கெட்டிலிருந்து நான்கு நிமிட நடையில் ஒரு லாட்ஜ், இரவுக்கு 68 வெள்ளி, ஜன்னல் இல்லாத அறை. பூக்கடை, மளிகைக்கடை, இட்லிக்கடை எல்லாம் நம் ஊர் மாதிரியே இருக்கின்றன. கடையில் அம்மா தண்ணீர் பாட்டில் கேட்டாள். கடைக்காரர் கொடுத்தார். ஒருவர் கையிலிருந்து ஒரு பொருளை நேராக வாங்கிய சந்தோஷத்தில் அம்மா, தேவையே இல்லாமல் ஒரு சீப்பும் வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை 8.10க்குக் கிராஞ்சிக்குக் கிளம்பினோம். நியூட்டன் ஒரே நிறுத்தம், அங்கே சிவப்புப் பாதைக்கு மாற வேண்டும். மொத்தம் ஐம்பது நிமிடம். எதிரே சேலை கட்டிய ஓர் ஆண்ட்டி காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தார். கிராஞ்சிக்கு அடுத்த நிறுத்தத்தில் வீடாம். எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு அவரே பேச்சுக் கொடுத்தார்.

"ஊர்க்காரங்களா நீங்க?"

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஊருலேந்து வந்திருக்கீங்களான்னு கேட்டேன் மா. ஹாலிடேஸா?"

"ஆமாங்க. இவங்க அப்பா இங்க வேலை பாக்குறாங்க. தஞ்சாவூர்ப் பக்கம்."

"என் மருமகளும் ஊர்க்காரப் பொண்ணுதான் லா. சமைச்சா வாசம் எட்டாவது மாடி வரைக்கும் போகும். ஆனா எம்ஆர்டி ஏறச் சொன்னா பயம். எங்க போனாலும் கிராப், கிராப். என் மவன் சம்பளம் பூரா அந்த டிரைவருங்களுக்குத்தான்." சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி என்ன படிக்குது?"

நான் தலை குனிந்துகொண்டேன்.

"பத்தோட நின்னுட்டா" என்றாள் அம்மா.

"ஐயோ, ஏன் பா? படிக்கணும் லா."

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. படிப்பைப் பற்றிக் கேட்டதற்காக அழுகிறாள் என்று ஆண்ட்டி பதறிப்போய் டிஷ்யூ பாக்கெட்டை முழுசாகவே கொடுத்துவிட்டார். அங்கே ரொம்ப காலமாக இருக்கிற தமிழர்கள் இந்தியாவிலிருந்து வருகிற எல்லோரையும் ஊர்க்காரங்க என்றுதான் சொல்கிறார்கள். அவருக்கு அது சாதாரண வார்த்தை. எங்களை அந்த வார்த்தையில் ஒருவர் கூப்பிட்டு ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தது. இறங்கும்போது அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆண்ட்டி, "கதவு மூடிரும், இறங்குங்க, இறங்குங்க" என்று தள்ளிவிட்டார்.

கிராஞ்சியில் பேருந்து குறைவு. நாங்கள் இருபத்திரண்டு நிமிடம் நின்றோம். இறங்கிய இடத்திலிருந்து விடுதி 900 மீட்டர், நிழல் கிடையாது. குடை கொண்டுபோங்கள். வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். வாசலிலிருந்து கொஞ்சம் தள்ளி, விடுதி வண்டி நிற்கும் இடத்துப் பெஞ்சில்தான் பார்க்க முடியும். அப்பா அங்கே முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார். சட்டை தோளிலிருந்து இறங்கித் தொங்கியது. தனியாகச் சமைத்தால் அடுப்பு கிடைக்க நேரமாகிறதாம். அதனால் கம்பெனிப் பொட்டலச் சாப்பாடுதான். விடிவதற்கு முன்னே வருவதை மதியம் பிரித்தால் குழம்பு புளித்திருக்குமாம். அதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. அம்மா கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் சேகர் மாமா வந்தார். அது அவருடைய நிஜப் பெயர் இல்லை. எங்கள் ஊர்தான், அப்பாவின் அறைதான். ஊர் ஆட்களில் அப்பாவோடு பேசுகிற ஒரே ஆள் அவர், அதுவும் குளியலறைப் பக்கம், யாரும் இல்லாதபோது. இப்போது அவர் சிங்கப்பூரில் இல்லை, குடும்பத்தோடு வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

"ஏ பேனாக்காரி!" என்றார் என்னைப் பார்த்து. மனுவை எழுதியது நான் என்று அப்பா அவரிடம் மட்டும் சொல்லியிருந்தார். "கலெக்டர் ஆபீஸையே எழுப்பிவிட்ட ஆளு, ஒரு வாய் பேச மாட்டேங்குதே."

"அவள வம்பிழுக்காதடா" என்றார் அப்பா. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அம்மா அதிரச டப்பாவைத் திறந்தாள். சேகர் மாமா இரண்டு பக்கமும் பார்த்தார். "அக்கா, ஊர் அதிரசம் தின்னு மூணு வருசமாச்சு" என்று சொல்லி ஒன்றை அப்படியே வாயில் போட்டார். இன்னொன்றை எடுத்தார். அதையும் தின்று முடித்து மூன்றாவதற்குக் கையை நீட்டியபோது, விடுதி வாசலிலிருந்து எங்கள் ஊர் ஆட்கள் இருவர் வந்தார்கள். லிட்டில் இந்தியா போகும் ஞாயிற்றுக்கிழமை வண்டிக்காகத் தோள்பையோடு வந்தார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்தார். பிறகு இருவரும் வண்டி ஏறிப் போனார்கள்.

சேகர் மாமா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "எம்பொண்ணு அந்த வேன்லதான் போகுது அண்ணே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பெண் நான்காம் வகுப்பு. நான் போன அதே வேன்.

அப்பா டப்பாவை மூடினார். "நீங்க ரெண்டு பேரும் லிட்டில் இந்தியாவுல அவங்களப் பாக்கப் போக வேண்டாம்" என்றார். அம்மா கேட்கவில்லை. "நான் வரல. நான் வந்தா அவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க" என்றார் அப்பா. டப்பாவை அவர் மடியில் வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

மாலை 4.30க்கு லிட்டில் இந்தியா. ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறவர்களுக்குச் சொல்கிறேன், நான்கு மணிக்கு மேல் நடைபாதையில் கால் வைக்க இடம் இருக்காது. மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் புல்தரையில் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் இடம் உண்டு. பலகை கிடையாது, கோடு கிடையாது. இந்த மரத்தடி ஓர் ஊர், அந்த விளக்குக் கம்பத்தடி இன்னோர் ஊர். ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்காரமாட்டார். எங்கள் ஊர் மூன்றாவது மரம். நானோ அம்மாவோ அங்கே போனதே இல்லை. ஆனால் தூரத்திலேயே தெரிந்துவிட்டது, செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்த விதத்தில்.

பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சேகர் மாமா மட்டும் நின்றார்.

நடுவில் ராசு பெரியப்பா. பதினெட்டு வருடமாக அங்கே இருப்பவர், சூப்பர்வைசர். திருவிழாவில் தேர் தெரியவில்லை என்று அழுதபோது என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டவர். அவர் எங்களைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக் கேட்டார்: "வந்தவங்களுக்கு என்ன வேணுமாம்?"

ஒதுக்கி வைத்தவர்களோடு பேச வேண்டி வந்தால் அப்படித்தான். நேராகப் பேசக் கூடாது, காற்றிடம் பேசுவார்கள்.

அம்மா என் முதுகில் கை வைத்தாள். நான் சொன்னேன். சத்தம் வரவில்லை. "என்னவாம்?" என்றார் பெரியப்பா மரத்திடம். மறுபடி சொன்னேன். "ஊர்ப் பொதுமக்கள்னு எழுதினது நான்தான். அப்பா சொல்லல. எல்லா மனுலயும் அப்படித்தான் இருக்கும்னு நானா போட்டேன்."

கிணற்றடியில் நான் பழகிய வாக்கியம் இங்கே வந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன என்று நான் பழகவில்லை.

ஒருவர் பெருமூச்சு விட்டார். இன்னொருவர், "சின்னப் புள்ள" என்றார் இரக்கமாக. எனக்கு நம்பிக்கை வந்தது. பெரியப்பா சொன்னார்: "புள்ள எழுதினா என்ன, அப்பன் எழுதினா என்ன. ஊரு ஒரு முடிவு பண்ணிடுச்சு. எனக்குத் தனியா ஒண்ணும் கோவம் கிடையாது. இங்க யாருக்குமே கிடையாது. ஊருக்குக் கட்டுப்படணும்ல."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குக் கூரை வேய வந்தவர், அம்மா பிரசவத்துக்குக் கார் கொண்டுவந்தவர், எனக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். ஒருவருக்கும் கோபம் இல்லை. ஊருக்கு மட்டும் கோபம். அந்தப் பதினேழு பேரில் ஊர் யார் என்று தேடினேன். பதினேழு பேரும் ஊர் வேறெங்கோ இருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"அது முடிஞ்சுது. இப்ப இவன் சேதிக்கு வருவோம்" என்று பெரியப்பா போனை எடுத்தார். படத்தில் சேகர் மாமாவின் கை டப்பாவுக்குள் இருந்தது. "தின்னியா?"

"இல்லண்ணே. டப்பாவ நகத்தி வெச்சேன், அவ்வளவுதான்."

"நகத்துறதுக்கு உள்ளாற கைய விடுவியா? சீனி எல்லாம் ஒதட்டுல ஒட்டியிருக்கு பாரு" என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது.

"அதிரசத்துல ஏதுடா சீனி, வெல்லம்ல" என்றார் இன்னொருவர். மறுபடி சிரிப்பு.

பெரியப்பா சிரிக்கவில்லை. "இவன் வாய நம்ப முடியாது. அந்தப் புள்ளயக் கேளுங்க. பொறந்ததுலேர்ந்து நாலு வார்த்த சேந்தாப்ல பேசுனதில்ல, அதுக்குப் பொய் சொல்ல வராது." பிறகு மரத்தை விட்டுவிட்டு நேராக என் முகத்தைப் பார்த்தார். "நீ சொல்லு பாப்பா. உங்கப்பன் நீட்டுனான், இவன் வாங்கல. அப்படித்தானே?"

ஒன்றேகால் வருடத்தில் ஊர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. சேகர் மாமா என்னைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த வேனும், ஜன்னலோரம் உட்காரும் அவர் மகளும் நினைவுக்கு வந்தார்கள்.

"ஆமா" என்றேன். "அப்பா குடுத்தாங்க. மாமா வாங்கல."

இந்த முறை சத்தம் நன்றாகவே வந்தது. யாரும் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

"அப்ப சரி" என்றார் பெரியப்பா. "டேய், நாளைக்கே அந்த ரூம விட்டு மாறிக்க. எதுக்கு வம்பு." சேகர் மாமா தலையாட்டினார். செய்தித்தாளில் இருவர் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் உட்கார்ந்தார். யாரோ ஒரு டீயை அவர் கையில் கொடுத்தார்கள். பெரியப்பா மறுபடி மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றோம். போகச் சொல்லக்கூட யாரும் எங்களிடம் பேசவில்லை.

திங்கட்கிழமை அப்பாவுக்கு வேலை. இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று அம்மா என்னை மரினா பே கூட்டிப் போனாள். பதினைந்து நிமிடம் ரயில், அங்கே சுற்றிப் பார்க்கக் காசு கேட்பதில்லை. அழகாகத்தான் இருக்கிறது. அம்மா தண்ணீர் ஓரம் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்தாள். "இவ்ளோ சனம் இருக்கே, இதுல யாரு யார ஒதுக்குவா?" என்றாள். செவ்வாய்க்கிழமை மாலை விமானத்தில் திரும்பினோம்.

போகிறவர்களுக்கு இன்னும் சில. வங்கி அட்டை வெளிநாட்டில் வேலை செய்யும்படி முன்னாலேயே மாற்றி வைத்தால் ரயிலுக்கும் பேருந்துக்கும் அதையே தட்டலாம். விடுதியில் இருப்பவரைப் பார்க்க ஞாயிறு காலைதான் சரி, பத்து மணிக்குள் போய்விடுங்கள். இரண்டு பேருக்கு மூன்று இரவுக்கு லாட்ஜ், சாப்பாடு, ரயில் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 331 வெள்ளி ஆயிற்று, விமானம் தனி. கேட்க வேண்டியது ஏதாவது இருந்து அதற்காகப் போகிறீர்கள் என்றால், போகாதீர்கள் என்று சொல்லத்தான் தோன்றுகிறது. கேட்பதற்கு அங்கே ஆள் இருக்காது, ஊர்தான் இருக்கும்.

அப்பா வாரம் இரண்டு முறை பேசுகிறார். "சேகர் கட்டிலக் காலி பண்ணிட்டுப் போனான், ஒரு வார்த்த சொல்லல. நீங்க அன்னிக்கு ஏதாவது சொன்னீங்களா?" என்று ஒருமுறை கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்று அவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாகப் பலகாரம். பாகு சரியாக இருந்தால் அதிரசம் இருபது நாள் கெடாது, அந்த ஊர்ப் புழுக்கத்திலும். ஆனால் ஓர் ஆள் தனியாக ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் தின்ன முடியாது. எண்பதில் மாமா தின்ற இரண்டு போக எழுபத்தெட்டை அப்பா ஒருவரே தின்று பார்த்தார். பாதியில் பூசணம் பிடித்துவிட்டது என்றார். நீங்கள் நாற்பது கொண்டுபோங்கள், போதும்.